மண் சுமந்தோரும் மட்டம் பார்த்தோரும்

குளமொன்றைக் கட்டியவர் யார் என்று வினவினால் நமது வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இரண்டு விடைகளையே தருகின்றன. குளம் பழங்காலத்ததாயின் ஓர் அரசனின் பெயரைச் சொல்லும். பிற்காலத்ததாயின் ஒரு பொறியியலாளரின் பெயரையோ ஒரு திணைக்களத்தின் பெயரையோ சொல்லும். இரு விடைகளும் பொய்யல்ல, ஆனால் முழுமையானவையுமல்ல. அரசனின் ஆணைக்கும் குளக்கட்டில் முதற் கூடை மண் விழுவதற்கும் இடையே நீண்டதொரு படிவரிசை இருக்கிறது. காடு வெட்டுவோர், மண் சுமப்போர், கல் உடைப்போர் அடியில் நிற்பர். கொத்தரும் தச்சரும் கொல்லரும் அடுத்த படியினர். அதன்மேல் கங்காணி, ஓவசியர், நில அளவையாளர், கொந்தராத்துக்காரர். உச்சியில் பொறியியலாளர். எந்தப் படியில் எவர் நின்றனர், ஏன் அங்கே நின்றனர், அப்படியிலிருந்து மேலே ஏற அவர்களுக்கு வழி இருந்ததா என்பனவே சமூக வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய கேள்விகளாகும்.

நமது வழக்கில் வேலையைக் குறிக்க இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று உத்தியோகம், மற்றையது கூலி. முன்னதற்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. பின்னது அன்றாடம் தொடங்கி அன்றாடம் முடிவது. குடிசார் பொறியியற் துறையில் வேலைவாய்ப்புகள் பெருகுகின்றன என்று இன்று நம் மாணவருக்குக் கூறப்படும்போது, இவ்விரண்டில் எது பெருகுகிறது என்பதைத் தெளிவுபடுத்துவோர் அரியர். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலத்தில் நடைபெற்ற பொது வேலைகளின் வரலாற்றை நோக்கினால் இக்கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும்.

ஊழியமும் சாலை வரியும்

வன்னி குளங்களின் நாடு. ஊர்ப்பெயர்கள் பல குளம் என்றே முடிவதை நாம் அறிவோம். முல்லைத்தீவு மாவட்டத்தில் பாலியாற்றை மறித்துக் கட்டப்பட்ட வவுனிக்குளத்தை, பண்டைப் பாளி நூல்கள் கூறும் பெலிவாபி என்று நீர்ப்பாசனப் பொறியியலாளரான ஹென்றி பாக்கர் 1909 இல் வெளிவந்த தமது நூலில் இனங்கண்டார். அவ்வளவு பழமையான குளக்கட்டில் மண் சுமந்தவர் எவரென்பதைக் கல்வெட்டுகள் சொல்வதில்லை. ஆனால் எத்தகைய முறையில் அவர்கள் சுமந்திருக்கக் கூடும் என்பதை நம் இலக்கிய மரபு சொல்கிறது.

பிட்டுக்கு மண் சுமந்த கதையைத் தமிழ்ச் சிறுவர் அனைவரும் அறிவர். வைகையின் கரை உடைகிறது. கரையைப் பங்கிட்டு வீட்டுக்கு ஒரு பங்காக அடைக்குமாறு பாண்டியன் ஆணையிடுகிறான். ஆண் துணையற்ற வந்தி என்னும் முதியவளுக்கும் ஒரு பங்கு விதிக்கப்படுகிறது. பிட்டு விற்றுப் பிழைக்கும் அவள் உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பேசி ஓர் ஆளை அமர்த்துகிறாள். அந்த ஆள் இறைவன் என்பது பக்தி மரபின் செய்தி. வேலைக்கு வரவியலாதவர் தம் செலவில் ஆள் வைக்கவேண்டும் என்பதும், ஏழைக் கிழவிக்கும் அதில் விலக்கில்லை என்பதும், வேலை குறைந்தால் பிரம்படி உண்டு என்பதும் அக்கதையில் பொதிந்துள்ள சமூகச் செய்திகள். ஊழியம் என்ற பழைய முறையின் சாரம் இதுவே.

இலங்கையில் ஒல்லாந்தர் இவ்வூழியத்தைத் தம் வசதிக்கேற்பப் பயன்படுத்தினர். ஆங்கிலேயரும் தொடக்கத்தில் அவ்வாறே செய்தனர். கோல்புறூக் விசாரணையை அடுத்து 1832 இல் கட்டாய இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் பதினாறே ஆண்டுகளில் அது வேறு உருவில் திரும்பி வந்தது. 1848 ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம், 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்யவேண்டும், அல்லது மூன்று சிலிங் செலுத்தவேண்டும் என விதித்தது. பணம் உள்ளவன் பணத்தைக் கட்டினான். இல்லாதவன் கல்லைச் சுமந்தான். வந்தியின் நிலைக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. அவ்வாண்டு மாத்தளைப் பகுதியில் மூண்ட கிளர்ச்சிக்கு இத்தகைய வரிகளும் காரணமாயின என்பது மனங்கொள்ளத்தக்கது.

இரும்புப் பாதையும் இரணைமடுவும்

19 ஆம் நூற்றாண்டில் வன்னி மக்கள் தொகை குன்றிய நிலமாயிருந்தது. 1803 இல் பண்டாரவன்னியனின் தோல்வியோடு பழைய ஆட்சியமைப்பு சிதைந்தது. குளங்கள் உடைந்தன, காடு ஏறியது, காய்ச்சல் ஊர்களைத் தின்றது. இந்நிலத்தின் ஊடாகத்தான் பேரரசு தனது பெரிய கட்டுமானங்களை நடத்தலாயிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1902 இல் ஓடத் தொடங்கிய புகைவண்டி, வன்னிக் காட்டை ஊடறுத்து வந்த பாதையோடு இணைந்து, 1905 ஆகஸ்ட் 1 ஆம் திகதி முதல் கொழும்பு வரை செல்லலாயிற்று. 1900 இல் நீர்ப்பாசனத்துக்கெனத் தனித் திணைக்களம் அமைந்தது. கனகராயன் ஆற்றை மறித்துப் பெருங்குளம் ஒன்று அமைக்கலாம் என்று பாக்கர் 1885 இல் வரைந்த திட்டம் 1902 இல் செயலுருப் பெறத் தொடங்கி 1921 இல் முற்றுப்பெற்றது. அதுவே இரணைமடு. அதன் கட்டை எழுப்பியவர் இந்தியத் தொழிலாளர்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரு குளக்கட்டில் வேலை நடந்தது. இருபது ஆண்டு என்பது ஒரு தலைமுறை. வேலை தொடங்கிய நாளிற் பிறந்த பிள்ளை, அது முடியும் நாளில் வேலைக்குப் போகும் வயதை அடைந்துவிடும். இவ்வளவு நீண்ட காலத்தில் அக்கட்டின் அருகே மட்டம் பார்க்கவும் மண்ணின் உறுதியைச் சோதிக்கவும் துருசு அமைக்கவும் கற்பிக்கும் பள்ளி ஒன்று எழவில்லை. தொழில்நுட்பக் கல்வி வேண்டியோர் 1893 இல் தொடங்கிய கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியை நாடவேண்டியிருந்தது. அங்கே செல்ல ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலம் கற்பிக்கும் மிஷன் பள்ளிகளும் அவற்றுக்கெதிராகச் சைவர் நிறுவிய பள்ளிகளும் குடாநாட்டில் நெருங்கியிருந்தன. வன்னியில் அவை அரியன. எனவே நில அளவையாளராகவும் ஓவசியராகவும் எழுதுவினைஞராகவும் வந்தோருட் குடாநாட்டின் ஆங்கிலங் கற்ற இளைஞர் கணிசமானோர். அவர்களுட் பலர் மலாயாவின் புகைவண்டிப் பகுதியிலும் பொது வேலைப் பகுதியிலும் உத்தியோகம் பெற்றுக் கடல் கடந்தனர். வன்னிக் கமக்காரனோ கட்டி முடிந்த குளத்தின் நீரை எதிர்பார்த்து நின்றான். மண் சுமந்த தொழிலாளிக்கு அந்த நீரும் இல்லை.

இவ்விடத்தில் இந்தியாவின் ஓர் உதாரணத்தை ஒப்புநோக்கலாம். கங்கைக் கால்வாயை வெட்டிய காலத்தில், அதற்கு வேண்டிய ஆட்களைப் பயிற்றுவதற்கென்றே 1847 இல் ரூர்க்கியில் ஒரு பொறியியற் கல்லூரி தொடங்கப்பட்டது. கால்வாய் 1854 இல் திறக்கப்பட்டது. பேரரசின் தேவைக்காக எழுந்த கல்லூரிதான் அது. அங்கும் பொறியியலாளர், மேல்நிலைத் துணையாளர், கீழ்நிலைத் துணையாளர் என வகுப்புகள் பிரிக்கப்பட்டிருந்தன; படிவரிசை பள்ளிக்குள்ளேயே வந்துவிட்டது. எனினும் கால்வாயின் வேலை முடிந்த பின்னும் கல்வி அங்கே தங்கியது. இரணைமடுவில் வேலை முடிந்தபோது எஞ்சியது குளம் மட்டுமே.

குடியேற்றமும் குடியுரிமையும்

குடாநாட்டின் நிலநெருக்கடியையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்குடன் 1936 இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. மருந்து மலேரியாவை அடக்கியபின் குடியேற்றம் வேகம் பெற்றது. இரணைமடுவின் கட்டு 1948–51, 1954–56, 1975–77 என மும்முறை உயர்த்தப்பட்டு, அதன் கொள்ளளவு 106,500 ஏக்கர் அடியாயிற்று. வவுனிக்குளமும் முத்தையன்கட்டுக் குளமும் புனரமைக்கப்பட்டன. இக்காலத்தில் நமது நாட்டுப் பொறியியலாளர் மேற்படிகளை எட்டிவிட்டனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீர்த் தேக்கமாக்கி அந்நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தை 1954 இல் முன்வைத்த எஸ். ஆறுமுகம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறியியலாளரே. இலங்கையின் நீர்வளம் பற்றி 1969 இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகிறது.

அடிப்படியில் நின்றோரின் நிலை என்ன? 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. நாடற்றவனுக்கு அரச காணி இல்லை. அரச உத்தியோகமும் இல்லை. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களாலும் தோட்டங்களிற் பட்டினியாலும் விரட்டப்பட்ட அம்மக்கள் வன்னிக்கு வந்து சேர்ந்தபோது, குளத்து நீர் பாயும் வயற் காணிகள் ஏற்கெனவே பங்கிடப்பட்டிருந்தன. பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற கிளிநொச்சிக் கிராமங்களில் அவர்கள் மேட்டு நிலத்திற் குடிசை கட்டினர். பிறர் வயலிலும் பிறர் கட்டிலும் கூலிக்கு உழைத்தனர். 2003 ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை தந்தது. சட்டத்தால் வந்த உரிமை நிலமாகவும் கல்வியாகவும் மாறுவதற்கு இன்னும் தூரமிருக்கிறது. வன்னியின் பொது வேலைகளைப் பற்றிப் பேசும்போது இனத்தின் பெயரால் மட்டும் கணக்குப் பார்ப்போர் இந்த உண்மையைத் தவறவிடுகின்றனர். தமிழருள்ளும் மட்டம் பார்த்தோரும் மண் சுமந்தோரும் தனித்தனியே இருந்தனர்.

தரப்படுத்தலும் வன்னி மாணவனும்

1950 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பீடம் தோன்றியது. 1964 இல் அது பேராதனைக்குச் சென்றது. தமிழ் இளைஞர் அதில் சிறப்பாகத் தேறினர். அவர்களில் அழகையா துரைராஜாவின் பெயரை இங்கு நினைவுகூருதல் பொருந்தும். கேம்பிறிட்ஜில் றொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து களிமண் சுமைக்கு எவ்வாறு இளகி விளைகிறது என்பதுபற்றி 1963 இல் அவர் வெளியிட்ட ஆய்வு, மண்பொறியியலின் அடிப்படை ஆக்கங்களுள் ஒன்றாக உலகெங்கும் மதிக்கப்படுகிறது. 1988 முதல் 1994 இல் மறையும்வரை அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்தார். மண் சுமந்தோர் தோளால் அறிந்திருந்த ஒன்றை, ஈரம் மிகுந்தால் களிமண் நழுவும் என்பதை, அவர் கணிதத்தால் விளக்கினார். அந்தத் தோளுக்கும் இந்தக் கணிதத்துக்கும் இடையே பாலம் அமைப்பதே கல்வியின் கடமை.

அப்பாலத்தை அரசு 1970களில் தகர்த்தது. 1971 இல் பேராதனைப் பொறியியற் பீடத்தில் நுழையச் சிங்கள மொழிமூல மாணவனுக்கு 227 புள்ளிகள் போதும்; தமிழ் மொழிமூல மாணவனுக்கு 250 வேண்டும் என்று வகுக்கப்பட்டது. இந்த அநீதி ஒரு தலைமுறையின் நம்பிக்கையை முறித்தது. 1974 இல் மாவட்டப் பங்கீடு வந்தது. இதன் விளைவைச் சற்று நிதானமாக ஆராயவேண்டும். குடாநாட்டு மாணவனுக்குக் கதவை ஒடுக்கிய இதே முறை, பின்தங்கிய மாவட்டம் என்ற பெயரில் வன்னி மாணவனுக்கு ஒரு சிறு கதவைத் திறந்தது. ஆனால் கதவு வரை செல்லும் பாதை போடப்படவில்லை. வெட்டுப்புள்ளியைக் குறைத்துவிட்டு, இணைந்த கணிதமும் பௌதிகவியலும் கற்பிக்க ஆசிரியரை அனுப்பாதிருந்தால் அந்தச் சலுகையால் ஊர்ப்பிள்ளைக்கு என்ன பயன்? வகுப்பறையில் ஆசிரியரில்லாத பிள்ளைக்குச் சலுகைப் புள்ளியும் எட்டாக் கனியே.

அழிவும் மீள்கட்டுமானமும்

1990 யூனில் வடக்குப் புகைவண்டிச் சேவை நின்றது. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியின் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுக் காப்பரண்களுக்குக் கூரையாயின. பயணத்துக்காக வார்க்கப்பட்ட இரும்பு பதுங்குவதற்குப் பயன்பட்டது. அக்காலத்தின் நிலையை இதைவிடச் சுருக்கமாகக் கூறவியலாது. 2009 இல் போர் முடிந்தபோது வன்னி முழுவதும் இடிந்து கிடந்தது. அதன் மக்கள் செட்டிகுளத்து முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தனர்.

மீள்கட்டுமானத்தின் முதற் படியில் கால் வைத்தோர் கண்ணிவெடி அகற்றும் தொழிலாளர். முகமாலை போன்ற இடங்களில் முழங்காலிட்டு, விரலளவு விரலளவாக மண்ணைத் தடவி அந்நிலத்தை மீட்டோரில் வன்னிப் பெண்கள் பலர். கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கியோரும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் சுத்தஞ்செய்த நிலத்தின் மேற்றான் வீதியும் வீடும் எழுந்தன. எந்தத் திறப்புவிழாக் கல்லிலும் அவர்களுடைய பெயர் பொறிக்கப்படவில்லை.

பின்பு பெருந்திட்டங்கள் வந்தன. 2011 சனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டுப் பூநகரி குடாநாட்டோடு இணைந்தது. ஏ9 வீதி சீனக் கடனிற் செப்பனிடப்பட்டது. ஓமந்தைக்கு வடக்கேயான இரும்புப் பாதையை இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் மீண்டும் அமைத்தது. புகைவண்டி 2013 செப்ரெம்பரிற் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியிற் காங்கேசன்துறைக்கும் வந்து சேர்ந்தது. வேளாண்மை அபிவிருத்திக்கான சர்வதேச நிதியத்தின் கடனில் இரணைமடுக் கட்டு மீண்டும் உயர்த்தப்பட்டது. இவை யாவும் மக்களுக்கு வேண்டியவை. இவற்றை இகழ்வது நம் நோக்கமன்று. ஆயினும் கடன் கொடுத்த நாட்டின் நிறுவனமே வேலையையும் ஏற்கும் முறையில், திட்டமிடலும் அளவையும் மேற்பார்வையும் அந்நிறுவனத்தோடு வந்து அதனோடு திரும்பிவிடுகின்றன. உள்ளூரில் தங்குவது பெரும்பாலும் நாட்கூலியே. கட்டு முடிந்தால் அதுவும் முடிந்துபோகும். 1902 இல் நடந்தது வேறு கொடியின் கீழ் மீண்டும் நடந்தது எனலாம்.

பொறியியல் அறிவு உள்ளூரில் இல்லாதிருப்பது வெறும் சம்பள விடயம் அன்று. 2018 திசெம்பரில் பெருமழை பெய்து இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெள்ளத்தில் அகப்பட்டன. கதவு எப்போது, எவ்வளவு திறக்கப்பட்டது என்ற கேள்வி அடுத்து எழுந்தது. அதுபோன்றே, இரணைமடு நீரைக் குடாநாட்டின் குடிநீருக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். ஈற்றில் குடாநாட்டுக்காகத் தாளையடியிற் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 இல் திறக்கப்பட்டது. குளத்தின் கொள்ளளவையும் வரவையும் செலவையும் தாமே கணக்கிட வல்ல மக்கள், இத்தகைய வாதங்களிற் பிறர் தரும் கணக்கை நம்பவோ சந்தேகிக்கவோ மட்டும் விதிக்கப்பட்டவராக இருக்கமாட்டார்கள்.

இன்றைய வாய்ப்பு

2014 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் தனது முதல் மாணவரோடு இயங்கத் தொடங்கியது. குடிசார் பொறியியல் அங்குள்ள துறைகளுள் ஒன்று. 2016 இல் அவ்வூரிலேயே ஜேர்மன் உதவியுடன் தொழிற்பயிற்சி நிறுவனமும் திறக்கப்பட்டது. 2021 இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இரணைமடுவில் முதற் கூடை மண் விழுந்ததற்கும் அக்குளத்தின் அயலில் முதற் பொறியியல் விரிவுரை நிகழ்ந்ததற்கும் இடையே 112 ஆண்டுகள் சென்றன. தாமதமாயினும் இது ஒரு திருப்பம்.

இதனை உண்மையான திருப்பமாக்குவது எது? பல்கலைக்கழக அனுமதி நாடு முழுவதற்கும் பொதுவானது; பீடம் ஊரில் இருப்பதனால் மட்டும் ஊர்ப்பிள்ளை அதற்குள் நுழைந்துவிட முடியாது. உயர்தரக் கணிதப் பிரிவு 1ஏபி வகைப் பாடசாலைகளிலேயே உண்டு. அத்தகைய பாடசாலைகள் பட்டணங்களில் இருக்கின்றன. மண் சுமந்தோரின் பேரப்பிள்ளைகள் குளத்தின் பின்புறத்துக் கிராமங்களில் இருக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் கணிதத்தைக் கைவிட்ட பிள்ளைக்குப் பதின்மூன்றாம் வகுப்பில் அறிவுரை கூறிப் பயனில்லை.

பட்டம் ஒன்றே வழி என்றும் நாம் மாணவருக்குச் சொல்லிவிடக் கூடாது. நாட்டின் தொழிற் தகைமைச் சட்டகத்தில் ஏழு மட்டங்கள் உள்ளன. திறமை வாய்ந்த கொத்தனாகவோ கனரக இயந்திர இயக்குநராகவோ தொடங்கும் இளைஞன், சான்றிதழ் பெற்று, டிப்ளோமாவரை சென்று தொழில்நுட்ப உத்தியோகத்தனாகவும் பட்டம் பெற்றவனாகவும் உயர அதில் விதிப்படி இடமுண்டு. நில அளவை, மண் பரிசோதனை, வேலையின் அளவும் செலவும் கணித்தல், பாலங்களின் பராமரிப்பு, கால்வாய் முகாமை என எத்தனையோ படிகள் இருக்கின்றன. கூலி வேலை இழிவானதன்று. ஏறும் வழியில்லாத கூலி வேலையே கொடுமையானது. ஒவ்வொரு பெருங் கொந்தராத்திலும் இத்தனை உள்ளூர் இளைஞருக்குப் பயிற்சியும் சான்றிதழும் தரப்படவேண்டும் என்ற நிபந்தனையை மாகாண சபையும் பிரதேச சபைகளும் கமக்கார அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் கோரவேண்டும். கூலியை மட்டும் கேட்டால் கூலி மட்டுமே கிடைக்கும்.

ஆசிரியராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. வன்னியில் எந்தப் பாடசாலையை எடுத்தாலும் நடைதூரத்தில் ஒரு குளமோ வாய்க்காலோ பாலமோ இருக்கும். முக்கோண கணிதத்தைக் கரும்பலகையில் மட்டும் கற்பிக்கவேண்டியதில்லை. குளக்கட்டின் சரிவை அளந்து கற்பிக்கலாம். கனவளவையும் பாய்ச்சல் வீதத்தையும் துருசடியில் நின்று விளக்கலாம். வரலாற்றுப் பாடத்தில் அக்கட்டில் உழைத்தோரின் குடும்பங்களைத் தேடிச் சென்று, முதியோர் நினைவிலிருப்பதை மாணவரைக் கொண்டே எழுதுவிக்கலாம். குளத்தின் கணிதத்தையும் குளம் கட்டியோரின் வரலாற்றையும் ஒருங்கே கற்ற பிள்ளை, நாளை பொறியியலாளனாக வரைபடத்தை விரிக்கும்போது அதன் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் ஒரு தோள் இருப்பதை மறவான்.

இரணைமடுவுக்கும் வவுனிக்குளத்துக்கும் முத்தையன்கட்டுக்கும் இனியும் திருத்த வேலைகள் வரும். வீதிகள் அகலமாகும், பாலங்கள் புதிதாகும், கடன் கொடுப்போர் மாறுவர். அவ்வேலைகள் தொடங்கும் நாளில் மட்டக்கருவியின் அருகே நிற்பவர் யார் என்பது, இந்த ஆண்டு நமது கிராமப் பாடசாலைகளில் எட்டாம் வகுப்புக் கணிதத்தை யார் கற்பிக்கிறார், எவ்வாறு கற்பிக்கிறார் என்பதைப் பொறுத்தது.